புதுப்பிப்பு: பொறியாளருக்கு எம்.பி.ஏ. தேவையா?

மண்டபத்தில் இறால் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் குளிரூட்டும் இயந்திரங்களைக் கவனிக்கும் பொறியாளரான நான், வேலையை விட்டுவிட்டு எம்.பி.ஏ. படிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அக்கறையோடு பதில் எழுதியவர்களுக்கு முடிவைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். படிக்கப் போகிறேன், ஆனால் வேலையை விடாமல்.

வெறும் பதவி உயர்வுக்காக என்றால், இரண்டு ஆண்டுச் சம்பளத்தை இழந்து கடனும் வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். என் காரணம் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்க, ஆலைக்கு வரத்து சுருங்குகிறது. வங்கி வட்டியும், உயரழுத்த மின் இணைப்புக்கு, மின்சாரத்தைக் குறைவாகப் பயன்படுத்தினாலும் கட்ட வேண்டிய டிமாண்ட் கட்டணமும் நிற்பதில்லை. படகுக்காரருக்கு உடனே பணம் தர வேண்டும், வெளிநாட்டில் வாங்குபவரோ தவணை முடிந்த பிறகே அனுப்புவார். இந்த இடைவெளியைத் தாங்கும் நடைமுறை மூலதனத்தைப் பற்றிப் பொறியியல் வகுப்பில் எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. கம்ப்ரசர் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று கணக்கிடத் தெரிந்த எனக்கு, புதியது வாங்கினால் போட்ட பணம் எப்போது திரும்பும் என்பதை முதலாளியிடம் நிறுவவும் தெரிய வேண்டும்.

எம்.பி.ஏ. சேர அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வும், 2011இல் தொடங்கப்பட்ட திருச்சி ஐ.ஐ.எம். போன்றவற்றுக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வும் இளையவர்களுக்கு நல்ல வழிகள்தாம். அவர்களும் சில காலம் ஓர் ஆலையிலோ கட்டுமானத் தளத்திலோ வேலை பார்த்துவிட்டுச் சேர்வது நல்லது. குடும்பப் பொறுப்புள்ள எனக்குத் தொலைநிலைப் படிப்பே பொருந்தும். அந்தப் படிப்புக்கு, நான் சேரும் பருவத்துக்கு, யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் இருப்பதை உறுதிசெய்த பிறகே கட்டணம் கட்டுவேன்.

தொலைநிலையில் நிதி மேலாண்மையைச் சிறப்புப் பாடமாக எடுத்த பொறியாளர்கள் இருந்தால், கணக்கியலுக்கு எப்படித் தயாரானீர்கள் என்று எழுதுங்கள்.