இந்த முறை ஒன்றுகூடலுக்கு மண் தோண்டின கிடங்கு ஒன்றைச் சுற்றி வருவோமா?

ஊர் உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

கோடை ஒன்றுகூடலுக்கு இடம் பார்க்கிற வேலையை இந்த முறை என் தலையில் கட்டிவிட்டீர்கள். வழக்கமாக இங்கே ரொறன்ரோவின் ஸ்காபறோவில் ஏதாவது ஒரு பார்க்கில் பெர்மிட் எடுப்போம், கூடாரம் அடிப்போம், கொத்துரொட்டி போடுவோம். இளசுகள் கிரிக்கெட் ஆடும், சின்னதுகள் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும், வயசானவர்கள் மடக்குக் கதிரையில் இருந்தபடி "இந்த வெயில் சரியில்லை" என்பார்கள். போன வருசம் பெரியப்பா ஐந்து மணித்தியாலம் ஒரே கதிரையில் இருந்துவிட்டு எழும்பும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் தூக்கித்தான் வான் வண்டியில் ஏற்றினோம். அன்றைக்கே நினைத்தேன், அடுத்த முறை எல்லாரையும் நடக்க வைக்கவேண்டும் என்று.

ஜூனில் ஒரு சனிக்கிழமை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தேன். பெரியப்பா, பெரியம்மா, நாங்கள் இருவர், பிள்ளைகள் இரண்டு, ஸ்ட்ரோலரில் தங்கச்சியின் கடைக்குட்டி. இடம், டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பேவியூ அவெனியூ ஓரமாக இருக்கிற பழைய செங்கல் ஆலை. இப்போது எவர்கிறீன் பிறிக் வேர்க்ஸ் என்று பெயர். இங்கே முப்பது வருசம் இருந்தும், அதற்குப் பக்கத்து ஹைவேயால் ஆயிரம் தரம் போயும், நான் உள்ளே காலடி வைத்தது இதுதான் முதல் தரம்.

1889இல் ரெயிலர் சகோதரர்கள் தொடங்கிய ஆலை. பின்னால் இருக்கிற குன்றைக் கிண்டிக் களிமண்ணும் களிப்பாறையும் எடுத்து, முன்னால் இருக்கிற சூளையில் சுட்டு விற்றார்கள். 1904இல் ரொறன்ரோ நகரின் நடுப்பகுதி தீப்பிடித்து எரிந்த பிறகு செங்கல்லுக்குப் பெரும் கிராக்கி. நல்லாக ஓடிய காலத்தில் வருசத்துக்கு நாலு கோடிக்கு மேல் கல் போயிருக்கிறது. காசா லோமா மாளிகை, மாசி ஹோல் இசையரங்கு எல்லாம் இந்த மண்தான். 1930களின் பொருளாதார மந்தத்தில் வீடில்லாத ஆட்கள் இரவில் சூளைச் சூட்டுக்குப் பக்கத்தில் வந்து படுத்தார்களாம். 1984இல் ஆலையை மூடினார்கள். பிறகு நகரத்தில் கட்டடங்களுக்குத் தோண்டின மண்ணைக் கொண்டுவந்து மண் எடுத்த கிடங்கின் பெரும்பகுதியை நிரப்பி, ஓடையைத் திருப்பிவிட்டுக் குளங்கள் ஆக்கினார்கள்.

முந்தி நாலு புகைபோக்கி இருந்த இடத்தில் இப்போது ஒன்றுதான் நிற்கிறது. ஆலையின் பெயரை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சொல்லாக எழுதியிருந்தார்களாம். மிஞ்சியதில் இருக்கிற ஆங்கிலச் சொல் "வலி" (Valley), அதாவது பள்ளத்தாக்கு. பிள்ளைகளில் ஒருவன் எழுத்துக் கூட்டி வாசித்தான். பெரியப்பா முழங்காலைத் தடவிக்கொண்டு, "பாத்தியா, மற்றதெல்லாம் போட்டுது. வலி மட்டும் நிக்குது" என்றார். பெரியம்மா சிரிக்கத் தொடங்கினவ, குளம் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தா.

இனி நடையைப் பற்றி. கட்டடங்களைத் தாண்டினால் புகைபோக்கிக்குப் பின்னால் வழி திறக்கிறது. குளங்களுக்கு மேலால் பலகைப் பாதை, மற்ற இடமெல்லாம் சல்லிப் பாதை. ஸ்ட்ரோலரும் போகும், கைத்தடியும் போகும். குளங்களைச் சுற்றி மட்டும் வந்தால், பிள்ளைகள் நின்று நின்று பார்க்கிற வேகத்தில் ஒரு மணித்தியாலம் பிடிக்கும். இருந்து ஆற வாங்குகள் இருக்கின்றன, நிழல் குறைவு. தொப்பி கட்டாயம்.

முதல் குளத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் சல்லிப் பாதையின் ஓரத்தில் ஒரு ஆமை, மண்சட்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி. வாலில் முதலைக்கு இருப்பதுபோல் முள்ளு. பின்னங்கால் இரண்டாலும் மாறி மாறி மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. இடக்கால் ஒரு பிடி அள்ளி வெளியே வைக்கும், பிறகு வலக்கால். திரும்பிப் பார்க்கவே இல்லை. மெல்ல ஒரு முட்டை விழுந்தது, பிங்பொங் பந்து மாதிரி வெள்ளை. அந்தக் காலால் அதைப் பக்குவமாக உள்ளே தள்ளிவிட்டு அடுத்ததுக்கு ஆயத்தம். வீட்டில் ஐந்து நிமிசம் ஒரு இடத்தில் இருக்காத பிள்ளைகள் இரண்டும் அரை மணித்தியாலம் குந்தியிருந்து பார்த்தார்கள். கொஞ்சம் தள்ளி நிற்கவேண்டும். அது கடிக்கிற சாதி ஆமை, விரலைப் பதம் பார்த்துவிடும். முட்டையிட்ட இடங்களை நரியும் ரக்கூனும் கிண்டாமல் இருக்கக் கம்பிவலைப் பெட்டி கவிழ்த்து மூடியிருந்ததையும் கண்டோம். பிள்ளைகளை அதில் கை வைக்க விடாதீர்கள்.

குளங்களுக்கு அங்காலே வடக்குப் பக்கத்தில் மண்மேட்டின் சரிவு ஒன்று இருக்கிறது. பார்த்தால் ஒன்றுமில்லை, செடி மூடின ஒரு மேடு. நான் கடந்துபோகப் பார்த்தேன். பெரியப்பாதான் நின்றுவிட்டார்.

தெரியாதவர்களுக்காக: பெரியப்பா 1990இல் இடம்பெயரும்வரை காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் வேலை செய்தவர். கல்லுக்கிடங்கில் நின்ற மனிசன். மண்ணை வெட்டின சரிவு ஒன்றைக் கண்டால் வாசிக்காமல் விடமாட்டார். பக்கத்தில் இருந்த பலகையை என்னை வாசிக்கச் சொல்லிவிட்டு, கைத்தடியால் கீழிருந்து மேலே காட்டிக்கொண்டு வந்தார். ஆக அடியில் 45 கோடி வருசத்துக் களிப்பாறை. அதற்கு மேலே ஒரு பனிப்பாறை உருகிவிட்டுப் போன மண். அதற்கு மேலே ஒரு இலட்சத்து இருபதினாயிரம் வருசத்துக்கு முந்திய மண்படை. அப்போது இங்கே இப்போதையைவிட வெக்கையாம். அந்தப் படையில் கரடி அளவு பீவரின் எலும்பு எடுத்திருக்கிறார்கள். 1890களில் கோல்மன் என்ற ரொறன்ரோப் பேராசிரியர் இந்தச் சரிவைப் பார்த்துத்தான், பனிக்காலம் ஒரு தரம் வந்துபோனதல்ல, இடையில் சூடாகித் திரும்பவும் வந்தது என்று நிறுவினார். அதற்கும் மேலே இருக்கிற படைக்குப் பெயர் ஸ்காபறோப் படை. நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் படம் எடுக்கிற ஸ்காபறோ மண்மலை இருக்கிறதே, அதே மண்தான்.

"இஞ்ச மண்ணைச் சுட்டுக் கல்லாக்கினவங்கள். நாங்கள் கல்லைச் சுட்டு மாவாக்கினனாங்கள்" என்றார் பெரியப்பா. பிறகு தானாகவே கதைக்கத் தொடங்கினார். எங்கள் பக்கம் தோண்டினால் சுண்ணக்கல்தான், சீமெந்துக்குக் களிமண்ணும் வேண்டும், அது மன்னார்ப் பக்கம் முருங்கனில் இருந்து ரயிலில் வரும். கிடங்கில் வெடி வைக்க முதல் சங்கு ஊதும். அந்தச் சங்கைக் கேட்டுத்தான் பெரியம்மா உலை வைப்பாவாம். "பொய், கோயில் மணியைக் கேட்டுத்தான் வச்சனான்" என்று பெரியம்மா இடையில் வெட்டினா. நான் பிறந்து வளர்ந்த வீட்டிலேயே இந்தக் கதையை ஒரு நாளும் கேட்டதில்லை. மடக்குக் கதிரையில் இருக்கும்போது அவர் இதெல்லாம் சொல்வதில்லை. சொல்லக் கேட்கிற ஆளும் இல்லை என்பதுதான் உண்மை.

தெம்பு உள்ளவர்கள் குளங்களோடு நிற்காமல் மேற்குப் பக்கமாக ஏறி பெல்ற்லைன் பாதைக்குப் போகலாம். அது ஒரு பழைய ரயில்பாதை. 1892இல் தொடங்கின ரயில், ஆள் ஏறாததால் இரண்டு வருசத்தில் நின்றுவிட்டது. அங்கிருந்து சோர்லி பார்க்குக்கு வளைந்து வளைந்து ஏறுகிற பாதை ஒன்று இருக்கிறது, படி இல்லை. மேலே ஒரு காலத்தில் மாகாண ஆளுநரின் மாளிகை நின்றது. 1956இல் ஹங்கேரியில் இருந்து ஓடிவந்த அகதிகளை அதில் தங்க வைத்தார்களாம். பிறகு இடித்துவிட்டார்கள், இப்போது வெறும் புல்லு. இறங்கி பெல்ற்லைன் வழியே தெற்கே வந்தால் பேவியூ, அங்கிருந்து புறப்பட்ட இடம். வட்டம் முடிந்தது. நான் குறுக்குவழி என்று நினைத்து ஒரு படிக்கட்டால் இறங்கப்போய் ஸ்ட்ரோலரைத் தலையில் சுமந்த கதையை மனுசி உங்களுக்கு நேரில் சொல்லுவா. படிக்கட்டைக் கண்டால் திரும்பிவிடுங்கள்.

இன்னும் சில விசயம். சனிக்கிழமைகளில் அங்கே உழவர் சந்தை. சாப்பிடக் கிடைக்கும், ஆனால் தக்காளி விலையைக் கேட்டுவிட்டுப் பெரியம்மா "விதைக்குத் தாறியளோ" என்று தமிழிலேயே கேட்டா. கடலைச் சுண்டலும் பிளாஸ்க்கில் பிளேன்ரீயும் கட்டிக்கொண்டு போவதே புத்தி. கார் நிறுத்தக் காசு. பிரோட்வியூ சப்வேயில் இருந்து நாங்கள் போன அன்று இலவச பஸ் ஓடினது. முதல் நாள் பெரிய மழை பெய்திருந்தால் போகவேண்டாம், டொன் ஆறு பெருகினால் பேவியூ ரோட்டையே மூடிவிடுவார்கள். மூன்று இலை சேர்ந்த செடி எதையும் தொடாதீர்கள், ஊரில் காஞ்சோண்டி பட்டதைவிட மோசமாகக் கடிக்கும். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் காலில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

எனவே என் யோசனை: ஓகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை காலை அங்கே. கிரிக்கெட் இல்லை என்று இளசுகள் கோபிக்கக்கூடாது, அதற்கு இன்னொரு நாள் பார்ப்போம். சம்மதமோ இல்லையோ, இந்தக் கிழமைக்குள் பதில் போடுங்கள். லண்டன், பாரிஸ், மெல்பேர்ண் ஆட்கள் அங்கே இப்படிக் கைவிட்ட கிடங்கு ஏதும் தெரிந்தால் எழுதுங்கள்.

கடைசியாக ஊரில் இருக்கிறவர்களிடம் ஒரு உதவி. திரும்பி வரும்போது வான் வண்டியில் மகன் பெரியப்பாவிடம், "தாத்தா, உங்கட கிடங்கிலயும் ஆமை இருக்கா?" என்று கேட்டான். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நான் வரேக்க கல்லுத்தான் இருந்தது" என்றார். காங்கேசன்துறைக்கு ரயில் 2015இலேயே திரும்ப வந்துவிட்டது. யாராவது அந்தப் பக்கம் போனால், உள்ளே இறங்கவேண்டாம், கரையில் நின்று ஒரு படம் எடுத்துப் போடுங்கோ. பெரியப்பா தினமும் காலையில் வந்ததா வந்ததா என்று கேட்கிறார்.

அன்புடன்,
உங்கள் உபசெயலாளர், ஸ்காபறோ