மறு: தற்பேணல் – ‘குறைபாடு’ வேண்டாம், ‘பற்றாக்குறை’ போடுவோம்

செவிலியக் கலைச்சொற்களைத் தமிழாக்கும் நம் குழும நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்கச் செவிலியர் டொரதியா ஓரெம் வகுத்த ‘self-care deficit’ கோட்பாட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் பேச்சு. self-care என்பதற்குத் ‘தற்பேணல்’, deficit என்பதற்குப் ‘பற்றாக்குறை’ என்பது என் கருத்து. அதற்கு வந்த மறுப்புகளுக்கு என் பதில்:

> ஓரெம் கோட்பாட்டுக்கு ‘சுயபராமரிப்புக் குறைபாடு’ என்றே இருக்கட்டும். நர்சிங் மாணவர்களுக்குப் பழகிவிட்டது.

பழகியது உண்மைதான். ஆனால் ‘குறைபாடு’ என்றதுமே பழி நோயாளி தலையில் விழுகிறது. பார்வைக் குறைபாடு, இரும்புச்சத்துக் குறைபாடு என்பதுபோல ஆளுக்குள்ளேயே ஏதோ கோளாறு என்று ஆகிவிடுகிறது. ஓரெம் 1971-இல் வெளியிட்ட நூலில் சொன்னது அதையல்ல. உடலைப் பேண ஒருவர் எவ்வளவு செய்தாக வேண்டும் என்பது ஒரு பக்கம்; அவரால் எவ்வளவு செய்ய முடியும் என்பது மறுபக்கம். முதலாவது இரண்டாவதை மிஞ்சும்போது துண்டு விழுகிறதே, அதற்குத்தான் அந்தப் பெயர்.

எங்கள் கூடலூர்ப் பக்கத்துச் சங்கதியை வைத்தே சொல்கிறேன். இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோயான சிக்கிள் செல் நோய் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது 1952-இல், இந்த நீலகிரிப் பழங்குடி மக்களிடம். குளிரும் உடலில் நீர் வற்றுவதும் அந்த நோய்க்கு ஆகவே ஆகாது. கை கால் எலும்பெல்லாம் வலி பிடித்துக்கொள்ளும். பந்தலூர்ப் பக்கம் தேயிலை பறிக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். அந்த நோய் அவளுக்கு இருக்கிறது. அதற்கான மாத்திரைகளை, ஹைட்ராக்சியூரியாவும் ஃபோலிக் அமிலமும், தவறாமல் போடுகிறாள். மார்ச்சில் ஒரு தொந்தரவும் இல்லை. ஜூலையில் எங்கள் தேவாலாப் பக்கத்து அடைமழை. இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு நாள் முழுக்க நனைந்த செடிக்குள் நிற்கிறாள். குளிரில் தாகம் தெரிவதில்லை. தெரிந்தாலும், மழையில் ஒதுங்க இடம் தேடி அலைய வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்துவிடுகிறாள்.

அவள் அறிவும் அக்கறையும் மார்ச்சில் இருந்தபடியே இருக்கின்றன. ஏறியது தேவை. இதைப் போய்க் ‘குறைபாடு’ என்று பராமரிப்புத் திட்டத்தில் எழுதினால், அடுத்த வரியில் ‘நோயாளிக்கு அறிவுரை வழங்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடத்தான் தோன்றும். ‘பற்றாக்குறை’ என்று எழுதிப் பாருங்கள். எந்தப் பக்கத்தைச் சரிசெய்வது என்ற கேள்வி தானாக வரும். வெந்நீர் ஃபிளாஸ்க்கா, மாற்றுத் துணியா, மழை மாதத்தில் உள்வேலை தரச் சொல்லி மேஸ்திரியிடம் பேசுவதா?

பட்ஜெட்டில் deficit என்ற இதே ஆங்கிலச் சொல்லுக்கு எல்லாப் பத்திரிகையும் ‘பற்றாக்குறை’ என்றுதான் போடுகிறது. ஆஸ்பத்திரிக்கு வந்ததும் மட்டும் ஏன் மாற வேண்டும்?

> ‘ஈடுசெய் முறைமை’ என்றால் நஷ்டஈடு ஞாபகம் வருகிறது.

வரட்டுமே. பற்றாக்குறையை ஈடுகட்டுவது என்றுதானே தமிழில் பேசுகிறோம்? செவிலியர் உதவும் வழிகளாக ஓரெம் சொல்லும் மூன்று முறைமைகளில் முதல் இரண்டுக்கும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. நினைவிழந்து கிடப்பவருக்கு எல்லாவற்றையும் நாமே செய்வது முழு ஈடு. மேலே சொன்ன பெண்ணே வலி முற்றி வார்டுக்கு வந்தால், டிரிப்பும் வலி ஊசியும் நம் பொறுப்பு, சாப்பிடுவதும் முகம் கழுவுவதும் அவளே. இது பகுதி ஈடு. வீட்டுக்குப் போகும் சமயத்தில் கூட இருந்து சொல்லிக்கொடுப்பது மூன்றாவது. இதற்கு ‘துணைநின்று கற்பித்தல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். நீளம்தான்.

இன்னொன்று. நான் பார்த்த ஒரு கையேட்டில், ஓரெமின் ‘self-care agency’ என்ற சொல்லுக்குச் ‘சுயபராமரிப்பு முகமை’ என்று இருக்கிறது. கேஸ் ஏஜென்சி மாதிரி! அது தன்னைப் பேணிக்கொள்ளும் திறன், ‘பேணுதிறன்’ போதும். எதிர்ப்பக்கத்துக்குப் ‘பேணுதேவை’.

– கூடலூரிலிருந்து ஒரு செவிலியர்

* * *

அன்புச் சகோதரிக்கு,

‘தற்பேணல்’ சரியான ஆக்கம். தற்காப்பு, தற்சார்பு வரிசையில் உட்கார்ந்துவிடும். ‘சுயபராமரிப்பு’ என்றால் எனக்கு வீட்டையோ வண்டியையோ பராமரிப்பதுதான் நினைவுக்கு வரும். ஆனால் பற்றாக்குறை என்பது பணத்துக்கும் தண்ணீருக்கும் அரிசிக்கும் சொல்வது. மனிதர் தம் உடம்பைப் பார்த்துக்கொள்வதற்கு ஒட்டுமா? ‘தற்பேணல் இடைவெளி’ என்று வைத்தால் யார் மேலும் பழி விழாது.

– குன்னூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

* * *

ஐயா, வணக்கம்.

இடைவெளிக்குத் திசை கிடையாது. தேவையைவிடத் திறன் கூடுதலாக இருந்தாலும் இடைவெளிதான். அங்கே செவிலியருக்கு வேலையே இல்லை. தேவை மிஞ்சும் இடத்தில்தான் நாங்கள் உள்ளே வர வேண்டும் என்பது ஓரெமின் வாதம். இடைவெளி என்று வைத்தால் அந்த வாதமே போய்விடும்.

மனிதருக்கு ஒட்டுமா என்று கேட்டீர்கள். வார்டில் ஒரு சுற்று வந்தால் காதில் விழும்: “தெம்பு பத்தல சிஸ்டர்”, “இந்தக் கம்பளி பத்தல”, “பாத்துக்க ஆள் பத்தல”. எல்லாம் பற்றவில்லை என்பதுதானே? தெம்பு திறன் பக்கம், கம்பளி தேவை பக்கம். மூன்றாவது, குழந்தைக்காகவோ முதியவருக்காகவோ மற்றவர் செய்யும் பேணல். ஓரெம் அதற்கு ‘dependent care’ என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார். ‘சார்ந்தோர் பேணல்’ என்று எழுதினால், சார்ந்தோர் பேணுகிறாரா பேணப்படுகிறாரா என்று குழம்புகிறது. இங்கேதான் உங்கள் இலக்கணம் எனக்கு வேண்டும். ‘பிறர்பேணல்’ என்றால் தற்பேணலுக்கு நேர் இணையாக வருகிறது. ஆனால் பெற்ற தாயைப் பிறர் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் என்ன போடுவீர்கள்?