மருமகனின் டிரையத்லனும் பிள்ளை மடுவக் கூரையும்: சில கணக்குகள்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

நம் தோட்டத்தின் பணியக்கணக்குப் பிரிவுத் தங்கச்சியின் மகன் வருகின்ற கோடையில் இங்கிலாந்தில் முழுத்தூர டிரையத்லனில் இறங்கி, தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நம் பிள்ளை மடுவத்துக் கூரைக்குப் பணம் திரட்டப் போவதாக எழுதிய மடலுக்கு நான்கு நாட்களில் பதினொரு பதில்கள் வந்திருக்கின்றன. கூரைக்கு எத்தனை தகரம் வேண்டும் என்ற கேள்வி அவற்றில் ஒன்றிலும் இல்லை. ஆகவே நம் சங்கத்தின் பொருளாளர் பொறுப்பை விட்டுப் பல வருடங்களான நானே அதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

"பையன் காற்று வாங்க ஓடுகிறான், அதற்கு நாம் காசு கட்டுவதா?" என்று எழுதிய மேட்டு லயத்து அண்ணனுக்கு முதலில் ஒரு விளக்கம். முழுத்தூர டிரையத்லன் என்றால் 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிள், 42.2 கிலோமீற்றர் ஓட்டம், மூன்றும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக. வழக்கமாக 17 மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். நீச்சலை மட்டும் 2 மணி 20 நிமிடத்துக்குள் முடிக்காவிட்டால் அப்போதே வெளியேற்றிவிடுவார்கள். 180 கிலோமீற்றர் என்பது கொழும்பிலிருந்து அவிசாவளை, ஹட்டன் வழியாக நுவரெலியா போய்ச் சேரும் தூரத்துக்கு ஏறக்குறையச் சமம். அதை மிதித்து முடித்துவிட்டு இறங்கி ஒரு முழு மரதனும் ஓட வேண்டும். காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீரைத் தினமும் பார்த்து வளர்ந்த நம்மில் யாருக்கு நீந்தத் தெரியும்? கரைப்பக்கம் போனதை யாராவது வீட்டில் சொல்லிவிட்டால் விழுந்த அடி ஒன்றுதான் நமக்குக் கிடைத்த நீச்சல் பயிற்சி. இந்தப் பையன் முப்பத்தொரு வயதில் சிறுபிள்ளைகளோடு பிள்ளையாக நின்று தண்ணீருக்குள் மூச்சுவிடப் பழகியிருக்கிறான்.

சித்திரையில் ஊருக்குப் போய்வந்த என் பெரியக்கா பிள்ளை மடுவத்துக்குள் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். சேலைத்தொட்டில் கட்டிய உத்தரத்துக்கு நேர்மேலே தகரம் துருப்பிடித்து, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது. அதற்குக் கீழே ஒரு வாளி. ஆயம்மா தொட்டிலை ஆட்டும்போதெல்லாம் இடது காலால் வாளியைத் தள்ளிவிட்டு, தொட்டில் நின்றதும் அதே காலால் பழைய இடத்துக்கு இழுத்து வைத்தாராம். கொழுந்தை எடைபோட்டுவிட்டுப் பால்கொடுக்க ஓடிவந்த தாய்மாரில் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று அக்கா சொன்னபோதுதான், அது எவ்வளவு காலமாக அப்படியே இருக்கிறது என்பது எனக்கு விளங்கியது.

தலைவர் வீட்டுத் தம்பி, 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனபின் கூரை போடுவது அவர்களுடைய பொறுப்பு என்றும், நாம் உண்டியல் குலுக்குவது நம் மானத்துக்கு இழுக்கு என்றும் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் முற்பாதி முழுக்கச் சரி. அதனால்தான் தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு முதலில் எழுத்தில் கேட்டு, அவருடைய பதிலையும் எழுத்திலேயே வாங்க வேண்டும் என்கிறேன். அனுமதி இல்லாமல் அங்கே நாம் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. ஆனால் ஆயிரம் ரூபா நாட்சம்பளத்தை எத்தனை வருடம் கேட்டுக் கேட்டு 2021இல் வாங்கினோம் என்பது தம்பிக்குத் தெரியாததல்ல. தொட்டிலில் கிடக்கும் பிள்ளையை அவ்வளவு காலம் காத்திருக்கச் சொல்ல முடியாது.

இனிக் கணக்கு. பந்தயக் கட்டணம், சைக்கிள், பயணம், தங்குமிடம் ஆகியவற்றில் ஒரு சதமும் திரட்டும் பணத்திலிருந்து போகக்கூடாது. கட்டணத்தைத் தன் கையிலிருந்தே கட்டிவிட்டதாக மருமகன் எனக்குச் சொன்னான். அதை எல்லோரும் பார்க்கும்படி எழுதிவிடட்டும். பிரித்தானியாவில் வரி கட்டுபவர் 100 பவுண் கொடுத்தால் அரசாங்கம் 25 சேர்க்கும் என்று ஒருவர் உற்சாகப்படுத்தியிருந்தார். அந்த கிஃப்ட் எய்ட் அறநிறுவனமாக அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்குத்தான் கிடைக்கும். நம் சங்கமோ இன்னும் தன் விதிகளைச் சொல்லும் யாப்பையே அச்சடிக்கவில்லை. சேரும் பணம் ஒருவருடைய சொந்தக் கணக்கில் தங்காமல், ஹட்டன் கடைக்குப் பில்லுக்கு எதிராக நேரே போகட்டும். தகரம் எத்தனை, மரம் எவ்வளவு, ஆணி எத்தனை கிலோ, லொறிக்கூலி என்ன என்று ஊரில் உள்ள, கூரைவேலை தெரிந்த பாஸ் ஒருவரைக் கொண்டு அளந்து வாங்கிய பிறகுதான் எவ்வளவு திரட்ட வேண்டும் என்பதை நாம் சொல்ல முடியும். கோயில் கும்பாபிஷேகத்துக்குச் சேர்த்ததில் மிஞ்சிய பணம் யாரிடம் இருக்கிறது என்று இந்த முறை நான் கேட்கப்போவதில்லை. போன முறை கேட்டதற்கு என் மகளின் கலியாணத்துக்கு மூன்று வீட்டார் வரவில்லை.

கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று பேசி, பையன் நின்ற இடத்தோடு கணக்கை நிறுத்துவோம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. நூறாவது கிலோமீற்றரில் டயர் வெடித்தால் அரைக்கூரையா போடுவது? மூன்று தூரமும் சேர்ந்து 226 கிலோமீற்றர் வருகிறது. அவன் முடித்தாலும் முடிக்காவிட்டாலும் என் பங்கு 226 பவுண். ரசீது மாத்திரம் கட்டாயம் வேண்டும். மேட்டு லயத்து அண்ணனின் கையெழுத்தில் வேண்டாம்.