ஒன்றாம் வகுப்புக்கு முன்பே 216 எழுத்தும் எழுத வேண்டுமா?

பெரம்பூர் அம்மா:
மகள் ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். விடுமுறையில் உயிர்மெய் வரிசை 216 எழுத்தையும் எழுதி வரச் சொல்லிப் பள்ளியில் நோட்டு கொடுத்திருக்கிறார்கள். யூகேஜியில் உயிரெழுத்துகளைப் பக்கம் பக்கமாக எழுதியவள், இப்போது பென்சிலை எடுத்தாலே அழுகிறாள். கதை சொன்னால் மட்டும் அசையாமல் கேட்கிறாள். ஐந்து வயதுக்கு இவ்வளவு தேவைதானா?

மேடவாக்கம் அப்பா:
தேவைதான், சகோதரி. ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறு என்ற தொல்லை அதிகம், தமிழில் குறைவு. 12 உயிரும் 18 மெய்யும் குறியீடுகளும் பிடிபட்டால் பிள்ளை எதையும் வாசித்துவிடும். அதை ஏன் தள்ளிப்போட வேண்டும்? விஜயதசமியன்று குழந்தையை மடியில் வைத்து அரிசியில் 'அ' எழுத வைப்பவர்கள் நாம். வகுப்பில் எல்லோரும் வாசிக்கும்போது தெரியாத பிள்ளை வாயே திறக்காது. அந்தக் கூச்சம் அழுகையைவிடக் கொடுமை.

மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை:
அரிசியில் எழுதுவது விரலால், சார். பென்சிலால் அல்ல. ஐந்து வயதில் மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளும் முழுதாக இறுகியிருப்பதில்லை. அந்தக் கைக்குக் களிமண் உருட்டுவதும், காகிதம் கிழிப்பதும், மணி கோப்பதும், பல்லாங்குழியில் சோழி எடுத்துப் போடுவதும்தான் எழுத்துப் பயிற்சி. அதன் பிறகும் 'அ'வில் தொடங்க வேண்டியதில்லை. அதில் எத்தனை வளைவு! 'ட' இரண்டே கோடு, 'ப' மூன்று கோடு. அவற்றோடு 'ம' சேர்ந்தால் 'படம்' என்று ஒரு சொல்லே கிடைத்துவிடுகிறது.

தமிழ் எளிது என்றீர்கள். 'கடல்', 'பகல்', 'தங்கம்' மூன்றையும் சொல்லிப் பாருங்கள், 'க' ஒரே மாதிரியா ஒலிக்கிறது? 'கொ' எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, காதில் 'க்' முதலில் விழுகிறது. வரிசையை நூறு முறை எழுதினாலும் இது விளங்காது. அம்-மா, பட்-டம் என்று கைதட்டிப் பிரித்து, 'ம'வில் தொடங்கும் பொருளை வீட்டுக்குள் தேடி, விடுகதை போட்டு, காது பழகிய பிள்ளைக்குத்தான் விளங்கும்.

2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்குத் தமிழக அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் எட்டு வயதுக்குள் பிழையின்றிப் படிக்க வைப்பதைத்தான் இலக்காக வைத்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கு ஏற்பப் பிரித்தது. மூன்று வகுப்புகளுக்கு உரிய வேலையை ஒரு கோடை விடுமுறையில் திணிப்பது அநியாயம்.

மேடவாக்கம் அப்பா:
அரும்பும் மொட்டும் உங்கள் பள்ளியில், டீச்சர். பல தனியார் பள்ளிகளில் முதல் பருவத்திலேயே சொல்வதெழுதுதல் வைக்கிறார்கள். பிள்ளை அந்தத் தேர்வை எழுதித்தானே ஆக வேண்டும்?

வியாசர்பாடி தன்னார்வலர்:
இல்லம் தேடிக் கல்வியில் மாலை வகுப்பு எடுத்தவன் நான். டீச்சர் சொல்வதில் எனக்கு ஒரு வருத்தம். எங்கள் பகுதியில் அம்மாக்கள் விடியும் முன்பே வேலைக்குக் கிளம்புகிறார்கள். கதை சொல்ல வீட்டில் ஆள் இல்லை, புரட்டப் புத்தகம் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கு எழுத்து பள்ளியில் கிடைத்தால்தான் உண்டு. 'மெதுவாக வரட்டும்' என்று விட்டால், ஐந்தாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டுகிற பிள்ளைகள்தான் மிஞ்சுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை:
தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. என் வகுப்பிலும் அந்தப் பிள்ளைகள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுத்தைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை, நோட்டு நிரப்புவதை நிறுத்தச் சொல்கிறேன். புத்தகம் இல்லாத வீட்டிலும் ஆவின் பால் பாக்கெட் வருகிறது. 29சி பஸ்ஸின் பலகையில் 'பெரம்பூர்' என்று இருக்கிறது. அந்தச் சொற்களைக் காட்டி எழுத்தைப் பிடிக்க வையுங்கள். கதை சொல்ல வீட்டில் ஆள் இல்லையென்றால் அது பள்ளியின் கடமை. தினமும் கால் மணி நேரம் உரக்க வாசித்துக் காட்ட எந்தப் பாடத்திட்டமும் தடை சொல்லவில்லை.

வியாசர்பாடி தன்னார்வலர்:
வாசித்துக் காட்டலாம். ஆனால் மாதக் கடைசியில் எந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்து தெரியவில்லை என்று பார்ப்பது யார்? அந்தக் கணக்கும் வேண்டும்.

மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை:
கட்டாயம் வேண்டும். தாளில் அல்ல, பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லி.

பெரம்பூர் அம்மா:
29சி தினமும் எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போகிறது. நாளை முதல் பலகையைக் காட்டப் போகிறேன். நோட்டில் 'ட', 'ப', 'ம' வரிசை மட்டும் எழுதட்டும். மீதியைக் காலியாகவே கொடுத்தனுப்புகிறேன். பள்ளியில் கேட்டால் நானே போய்ப் பேசிக்கொள்கிறேன்.

மேடவாக்கம் அப்பா:
பேசுங்கள், சகோதரி. ஆனால் 'அ' முதல் 'ஔ' வரை பார்த்தவுடன் சொல்லத் தெரிந்த பிறகு அனுப்புங்கள். அதில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன்.