எக்கோவில் பம்பிங் நார்மல் என்றால் விட்டுவிடலாமா?

பாலக்கோட்டுக்காரன்:
அப்பாவுக்கு 61 வயது. நேற்று எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தோம். பம்பிங் 62 சதவீதம், நார்மல். ஆனால் கீழே ‘கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன், இடது கீழறைச் சுவர் 13 மி.மீ.’ என்று போட்டிருக்கிறார்கள். இதயம் சரியாகத் தளரவில்லையாம். எங்கள் தெருவில் அறுபது தாண்டிய மூன்று பேர் ரிப்போர்ட்டிலும் இதே வரி. வயசானால் வருவதை எழுதி ஏன் பயமுறுத்த வேண்டும்?

மாந்தோப்பு:
பம்பிங் என்பது உள்ளே வந்த ரத்தத்தில் எத்தனை பங்கு வெளியே போகிறது என்ற கணக்கு. எவ்வளவு சிரமப்பட்டு உள்ளே வந்தது என்று அது சொல்லாது. பிபி ஏறியே கிடந்தால் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளிச் சுவர் தடிக்கும். மூட்டை தூக்குகிறவர் புஜம் மாதிரிதான், ஆனால் இங்கே தடிப்போடு விறைப்பும் வரும். விறைத்த அறை லேசில் விரியாது. அழுத்தம் பின்னால் ஏறி நுரையீரலைத் தாக்கும், மூச்சு வாங்கும். பிபி எவ்வளவு?

பாலக்கோட்டுக்காரன்:
160/100. மாத்திரை இருக்கிறது, தலை சுற்றினால் போடுவார். போன மாதம் தீர்த்தமலையில் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வயசுதான் என்று நினைத்தோம்.

ஓசூர்_எக்கோ:
தினமும் எக்கோ எடுக்கிறவன் நான். கிரேடு 1 விஷயத்தில் பாலக்கோட்டார் சொல்வது தப்பில்லை, பிபி இல்லாத பெரியவர்களுக்கும் வரும். அந்த ஒரு வரிக்காகத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் 13 மி.மீ.? ஆண்களுக்கு 10 வரைதான் நார்மல். அதை வயசுக் கணக்கில் எழுத நான் தயாரில்லை.

பாலக்கோட்டுக்காரன்:
களியும் கீரையும் தின்கிற உடம்பு சார். மாத்திரையைத் தொடங்கினால் நிறுத்தவே முடியாது என்கிறார்களே?

மாந்தோப்பு:
களி சரி, தொட்டுக்கொள்ளும் மாங்காய் ஊறுகாய்? ஒரு நாளைக்கு உப்பே 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்ம கிருஷ்ணகிரி சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினார்கள். பிபி மாத்திரை வீடு தேடி வருகிறது, நாம் அலமாரியில் அடுக்குகிறோம். தலை சுற்றினால் போட அது என்ன தைலமா? ஒழுங்காகப் போட்டு பிபி இறங்கினால் சுவர்த் தடிப்பும் குறையும்.

ஓசூர்_எக்கோ:
குறையும், மாதக்கணக்கில். விறைப்பு எல்லோருக்கும் முழுசாகப் போகாது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பாலக்கோட்டுக்காரன்:
கிரேடு 1 பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் இப்போதுதான் அலமாரியைத் திறந்து பார்த்தேன். நாலு அட்டை பிரிக்காமலேயே இருக்கிறது. அந்த 13-ஐப் பற்றி நாளைக்கு டாக்டரிடம் கேட்கிறேன்.