துலூஸ் ரக்பிக் கழகமும் அதன் இளைஞர்களும்: அருகிலிருந்து கண்டவை

துலூசிலிருந்து ஓர் உறுப்பினர்:

தொழில்முறை ரக்பிக் கழகங்கள் வீரர்களைத் தேடுவதையும் வளர்ப்பதையும் நேரில் கண்டவர்கள் எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். நான் பயிற்சியாளனும் அல்லன், கழக ஊழியனும் அல்லன். என் மகன் துலூசின் புறநகர்க் கழகம் ஒன்றில் 16 வயதுக்கு உட்பட்டோர் அணியில் ஆடுகிறான். மைதான ஓரத்தில் நின்று பலரோடு பேசியதில் அறிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

ஐரோப்பியக் கோப்பையை 6 முறை வென்றுள்ள எங்கள் நகரக் கழகம் ஸ்தாத் துலூசேன் (சுருக்கமாகத் துலூஸ்), பணத்தைக் கொட்டி நட்சத்திரங்களை வாங்கிச் சேர்க்கும் கழகம் என்று வெளியூர் நண்பர்கள் பலர் நினைக்கிறார்கள். பிரான்சின் முதல் பிரிவான டாப் 14 போட்டியின் விதிகளே அதற்கு எளிதில் இடம் தருவதில்லை. ஊதியத்துக்கு உச்சவரம்பு உண்டு. அதோடு, ஓர் ஆட்டத்துக்கு அறிவிக்கப்படும் 23 பேரில், பருவம் முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் சராசரியாக 16 பேராவது பிரெஞ்சுப் பயிற்சி அமைப்புக்குள் வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும். எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்பது இங்கே கணக்கில் வராது. இளம் வயதில் எங்கே பயின்றார் என்பதுதான் கணக்கு. ஆகவே இளையோரை வளர்ப்பது இங்குள்ள கழகங்களுக்குப் பெருமைக்கான காரியம் மட்டும் அன்று, பிழைப்பும் அதுவே.

ஜெர்ஸ் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்கு மகனின் ஆட்டத்துக்காகச் சென்றிருந்தபோது, அங்கே சிறுவர் அணிகளை ஊதியமின்றி நெடுங்காலமாகப் பயிற்றுவித்துவரும் முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். பிரான்சின் நட்சத்திர வீரர் அந்துவான் துபோனைத் துலூஸ் கண்டெடுத்தது என்று பத்திரிகைகளில் படிக்கும்போதெல்லாம் தமக்குக் கோபம் வருவதாகச் சொன்னார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. காஸ்தெல்னோ-மாஞ்ஞோவாக் என்ற சிற்றூரில் வளர்ந்த துபோன், பதின்வயதில் ஜெர்ஸின் ஓஷ் நகரக் கழகத்துக்குச் சென்றார். 2014-இல் காஸ்த்ர் அணிக்காக முதல் பிரிவில் ஆடத் தொடங்கினார். 2017-இல் துலூஸ் அவரை எடுத்தபோது வயது 20தான் என்றாலும், மூன்று பருவங்களின் அனுபவம் அவர் கையில் இருந்தது. அந்தோனி ஜெலோன்ஷ், கிரெகோரி ஆல்திரித், பியேர் பூர்கரி ஆகியோரும் அதே ஓஷ் கழகத்தின் இளையோர் அணிகளிலிருந்து வந்து பிரான்சுக்காக ஆடியவர்கள். நால்வரையும் தந்த அந்தக் கழகம் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டதும் அதே 2017-இல்தான். அந்நகரில் ரக்பி வேறொரு கழகமாக மீண்டும் அடிமட்டத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. நாற்றுவிட்டவரை மறந்துவிட்டு அறுத்தவரை மட்டும் புகழ்வது எனக்கும் உறுத்துகிறது. வளர்த்த கழகத்துக்கு இழப்பீடு வழங்கும் முறை இருக்கவே செய்கிறது. ஆனால் சிற்றூர்க் கழகங்களின் நிலையைப் பார்க்கையில் அது போதாது என்றே கருதுகிறேன்.

தொழில்முறைக் கழகம் ஒன்றுக்காக இளையோர் ஆட்டங்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் ஒருவரோடும் பேச வாய்த்தது. பதினைந்து, பதினாறு வயதில் உடல் முந்தி வளர்ந்த பையன் எதிரணியை இடித்துக்கொண்டு ஓடிப் புள்ளிகளைக் குவிப்பான் என்பதால், புள்ளிக்கணக்குக்குத் தாம் அதிக மதிப்புத் தருவதில்லை என்றார். தடுத்து வீழ்த்திய பின் எவ்வளவு விரைவில் எழுந்து அடுத்த இடத்துக்குப் போகிறான், பந்து கைக்கு வருமுன் தலையை நிமிர்த்தி எதிரே இருப்பவர்களைப் பார்க்கிறானா, சக ஆட்டக்காரன் தவறும்போது அவனிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்பவையே அவர் குறிப்பேட்டில் இடம்பெறுபவை. இரு அணியினரும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மின் முன்வரிசையில் நிற்கும் ப்ராப் வீரர்களைப் பற்றி இருபது வயதுக்கு முன் தீர்ப்புச் சொல்லவே கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அந்த இடத்துக்கு வேண்டிய கழுத்து வலிமையும் நுணுக்கமும் பல ஆண்டுகள் கழித்தே கூடிவருமாம்.

தேர்ந்தெடுப்பதைவிட, தேர்ந்தெடுத்தவனுக்கு ஆட்டம் கொடுப்பதே கடினம் என்பதைப் பிப்ரவரி மாதத்து இரவொன்றில் துலூஸ் கழகத்தின் எர்னஸ்ட்-வல்லோன் மைதானத்தில் உணர்ந்தேன். ஐரோப்பிய தேசிய அணிகள் மோதும் ஆறு நாடுகள் போட்டி நடக்கும் வாரங்களிலும் பிரெஞ்சு லீக் முழுமையாக நிற்பதில்லை. தேசிய அணிக்கு மிகுதியான வீரர்களை அனுப்பும் துலூஸ், அவர்கள் இல்லாமலே சில ஆட்டங்களை ஆடித்தான் ஆக வேண்டும். அந்த வெற்றிடத்தை நிரப்ப வருபவர்கள் எஸ்புவார் எனப்படும் இளையோர் அணியினர். அன்று என் பக்கத்து இருக்கைகளில் இருந்த தம்பதியரின் மகன் முதன்முறையாக மாற்று வீரர் பட்டியலில் இடம்பெற்றிருந்தான். இந்த ஓர் இரவுக்காக அவன் நெடுநாள் காத்திருந்ததாகவும், இடையில் மனம் தளர்ந்தபோது பயிற்சியாளர்கள் அவனைக் கல்லூரித் தேர்வை முடிக்கச் சொல்லி வற்புறுத்தியதாகவும் தாய் சொன்னார். இறுதிப் பத்து நிமிடங்களுக்கு அவன் களமிறங்கியபோது இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

இளையோருக்கு ஆட்டம் கொடுப்பதன் பயனைத்தான் இந்தக் கழகத்தின் அண்மை வரலாறும் காட்டுகிறது. 2016-17 பருவத்தில் துலூஸ் 14 அணிகளில் 12-ஆம் இடத்துக்குச் சரிந்தது. அதே பருவத்தில் அதன் இளம் வீரர் தொமா ரமோஸ் அருகிலுள்ள கொலோமியே கழகத்துக்கு இரவலாக அனுப்பப்பட்டு, இரண்டாம் பிரிவில் வாராவாரம் ஆடித் தேறித் திரும்பினார். அடுத்த பருவத்தில் 18 வயது ரொமேன் என்தமாக் முதல் அணிக்குள் வந்தார். வெளியிலிருந்து எடுத்தவர்களில் ஒருவர், குள்ளம் என்று பலர் தயங்கிய தென்னாப்பிரிக்கர் செஸ்லின் கோல்பி. 2019-இல் துலூஸ் பிரெஞ்சுச் சாம்பியன் பட்டம் வென்றது. நிர்வாகம் பதறிப்போய்ப் பெயர்பெற்ற மூத்த வீரர்களை வாங்கியிருந்தால் இந்த இளைஞர்களுக்கு இடமே கிடைத்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

கவென்ட்ரியிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஐயா, உங்கள் பகிர்வைப் படித்ததும் மறுபக்கத்தையும் சொல்லத் தோன்றியது. இங்கிலாந்தில் எங்கள் நகரில் ஆடிவந்த வாஸ்ப்ஸ் ரக்பிக் கழகம் 2022 அக்டோபர் 17 அன்று, கடனைத் தீர்க்க முடியாமல், திவால்நிலை நிர்வாகிகளின் பொறுப்புக்குச் சென்றது. வீரர்களும் ஊழியர்களுமாக 167 பேர் அன்றே வேலையிழந்தார்கள். அவர்களுள் ஒருவரான ஜாக் வில்லிஸை அடுத்த மாதமே துலூஸ் சேர்த்துக்கொண்டது. 2024-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணியிலும் அவர் இருந்தார். இங்கிலாந்துக்கு ஆடிய வீரருக்கு எங்காவது கதவு திறக்கும். பயிற்சியகத்திலிருந்த பதினெட்டு வயதுப் பையன்களுக்கு அவ்வாறு திறந்ததா என்பதே என் கவலை.

என் சக ஊழியர் ஒருவரின் மகன் வேறொரு கழகத்தின் பயிற்சியகத்தில் இருந்தான். அவனை விடுவிக்கும் முடிவு மின்னஞ்சலில் சில வரிகளாக வந்தது. எந்தத் திறனில் குறை, வேறு எந்தக் கழகத்தை அணுகலாம் என்று சொல்ல எவரும் அழைக்கவில்லை. அவன் ரக்பியையே விட்டுவிட்டான். துலூசில் முதல் அணிக்குத் தேறாதவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதையும் எழுதுங்கள்.

துலூசிலிருந்து அதே உறுப்பினர்:

நான் அறிந்தவரை, பலர் இரண்டாம் பிரிவுக்கோ 2020-இல் தொடங்கிய நாசியோனால் எனும் மூன்றாம் பிரிவுக்கோ செல்கிறார்கள். அருகருகே இத்தனை கழகங்கள் இருப்பது தென்மேற்குப் பிரான்சின் வாய்ப்பு; வீட்டைவிட்டு நெடுந்தொலைவு போகாமலே ஆட்டத்தைத் தொடரலாம். பயிற்சியகத்தில் இருப்பவர்கள் படிப்பையோ தொழிற்கல்வியையோ தொடர வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே உள்ள நிபந்தனை. அன்று மைதானத்தில் சந்தித்த அந்தத் தாய், மகன் இயன்முறை மருத்துவம் படிப்பதாகச் சொன்னார். அடுத்த பருவத்துக்கான ஒப்பந்தம் இன்னும் வரவில்லை என்றபோதும் அவர் குரலில் பதற்றம் இல்லை.