காதுக்குப் பின்னால் ஆபரேஷன்: சிரையை வெட்டாமல் காப்பாற்றியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

குலசேகரம்: அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். வலது கன்னத்தில் சுரீரென்று வலி வந்தால், கத்தியோடு மரத்தைப் பிடித்தபடி நின்றுவிடுவார். கடைவாய்ப் பல்லை எடுத்தும் வலி போகவில்லை. கார்பமாசிபைன் மாத்திரை கொஞ்ச காலம் கேட்டது. அளவு கூடக் கூடத் தலைசுற்றல். முகத்துக்கு வரும் முக்கிளை நரம்பை ஒரு தமனி அழுத்துவது எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போனோம்.

காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து, சிறுமூளையை ஒதுக்கித்தான் அந்த நரம்புக்குப் போக வேண்டும். வழியில் குறுக்கே நிற்பது, அங்கிருந்து ரத்தத்தை வடிக்கும் பெட்ரோசல் சிரை. 1920களில் இந்தப் பக்கமாகப் போய் ஆபரேஷன் செய்த வால்டர் டான்டி பெயரால் டான்டி சிரை என்றும் சொல்வார்களாம். டாக்டர் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். அதை வெட்டினால் வேலை சுலபம், நிறையப் பேருக்கு ஒன்றும் ஆகாது, வேறு சிரை வழியாக ரத்தம் வடிந்துவிடும். யாருக்கு வடியாது என்று முன்கூட்டி அடித்துச் சொல்ல முடியாது. வடியாவிட்டால் மடை அடைபட்ட வயல்தான்: ரத்தம் தேங்கி, சிறுமூளை வீங்கி, உள்ளேயே கசியும். ஒட்டினாற்போல் மூளைத்தண்டு வேறு.

அதனால் முதலில் மூளைநீரை வடிய விட்டாராம். சிறுமூளை தானாகவே தளர்ந்து இடம் கொடுக்கும், அழுத்தி இழுக்க வேண்டாம். அப்புறம் சிரையைச் சுற்றியிருந்த மெல்லிய சவ்வைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்ததும் சிரை நெகிழ்ந்தது. அதன் பக்கத்து இடைவெளி வழியாகவே தமனியை விலக்கி, டெஃப்லான் பஞ்சு வைத்தார். நேரம் ஆனது என்னவோ உண்மை. அந்த நேரம் முழுக்க அப்பாவுக்காகச் செலவானது என்று வெளியே வந்து அவர் சொன்னபோது கையெடுத்துக் கும்பிட்டேன். வலி போச்சு.

மார்த்தாண்டம் (தியேட்டர் நர்ஸ்): தம்பி சொன்னது சரி. மைக்ரோஸ்கோப் வெளிச்சத்தின் சூட்டில் சிரை காய்ந்து போகும். சலைனைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருப்போம். லேசாகக் கசிந்தால் உடனே சூடு வைத்துக் கரிக்க மாட்டார்கள். ரத்தத்தை நிறுத்தும் சர்ஜிசெல் துணி வைத்து, மேலே ஈரப் பஞ்சு வைத்து, பொறுமையாகக் காத்திருப்பார்கள். பாதிக் கசிவு அதிலேயே நின்றுவிடும்.

குளச்சல்: எங்க அம்மைக்குக் காது நரம்புக் கட்டி. சிரை கட்டியோடு ஒட்டியிருந்ததால் காப்பாற்ற முடியவில்லை. மறுநாள் வாந்தி, கூப்பிட்டால் முனகல் மட்டும். அசதி என்று விட்டுவிடாமல் நர்ஸிடம் ஓடினேன். உடனே சி.டி. எடுத்தார்கள், சிறுமூளை வீக்கம். தேங்கிய நீரை வெளியேற்றக் குழாய் போட்டார்கள். பிழைத்துக்கொண்டார், நடையில் மட்டும் இன்னும் தள்ளாட்டம் உண்டு. அக்கா, சிரைகளைக் காட்டும் வெனோகிராம் எல்லோருக்கும் முன்னாடியே எடுப்பார்களா?

மார்த்தாண்டம் (தியேட்டர் நர்ஸ்): எல்லோருக்கும் இல்லை மக்ளே. கட்டி பெரிதாக இருந்தாலோ, பெரிய சைனஸ் (மூக்குச் சைனஸ் இல்லை, மூளை ரத்தம் வடிகிற பெரிய சிரைக் கால்வாய்) பக்கம் நெருங்கியிருந்தாலோ எடுப்பது வழக்கம். பலருக்கு வலப்பக்க சைனஸ்தான் பெரியது, அந்தப் பக்கம் என்றால் இன்னும் கவனம். கையெழுத்துப் போடும் முன் தயங்காமல் கேளுங்கள், படத்தை வைத்துக் காட்டுவார்கள்.